சோப்பு டப்பாவுக்குப் போன ஜெபங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். ஜெபத்தைப் பற்றி விளையாட்டாக எழுதுவது பாவமோ என்ற பயம் ஒரு பக்கம். என் மாப்பிள்ளை செல்வராஜ் படித்துவிடுவாரே என்ற பயம் இன்னொரு பக்கம். (இரண்டாவது பயம்தான் பெரியது. ஆண்டவர் மன்னிப்பார்.)

நான் அம்பத்தூரில், கையடக்க ஈமெயில் செட்டு விற்கும் ஒரு கடையில் வேலை செய்தேன். பொத்தான் பொத்தானாக இருக்கும் அந்தச் செட்டில் வயர் இல்லாமல் மெயில் வரும். என் தங்கை கிரேசியின் கணவர் செல்வராஜுக்கு ஆவடியில் எங்கள் போட்டிக் கம்பெனிக் கடையில் வேலை. அவர்கள் செட்டுக்கும் எங்கள் செட்டுக்கும் கீரியும் பாம்பும் உறவு. இதிலிருந்து அதற்கு ஒரு மெயில் போகாது.

கிரேசியின் மூத்த பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, விருந்துப் பந்தியில் மாப்பிள்ளை தன் புதுச் செட்டை எடுத்துக் காட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இன்னா மாப்ள, சோப்பு டப்பாவ எட்தாந்துகீறீங்க?"

பந்தியே சிரித்தது. பாயசம் பரிமாறியவர் கூடச் சிரித்தார். மாப்பிள்ளை இலையை மடித்துவிட்டு எழுந்து போனார். அதோடு பேச்சு நின்றது.

நின்றது பேச்சு மட்டும் என்றால் பரவாயில்லை. கிரேசி இரண்டாவது பிரசவத்துக்கு இருந்தாள். ஏழாம் மாதம் ஆனது, எட்டாம் மாதமும் ஆனது. பாரிவாக்கத்தில் அம்மா அவளுக்காக அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்துக் காத்திருந்தார். மாப்பிள்ளையோ, "சோப்பு டப்பா வச்சிருக்கிறவன் பொண்டாட்டி எதுக்குப் பெரிய மனுஷங்க வீட்டுக்கு?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்துச் சோறு போடுவதையே விட்டுவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு கம்பெனி முதலாளிகளும் கைகுலுக்கிக்கொண்டார்கள். இனி அவர்கள் மெயில் எங்கள் செட்டில் வரும், எங்கள் மெயில் அவர்கள் செட்டில் போகும். ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு கடைகளும் சேர்ந்து விழா வைத்தன. முதல் மெயிலை அனுப்பும் வேலை எனக்கு.

மேனேஜர் ஒரு செட்டைக் கொடுத்து, "விழாவுல மெயில் வாங்கப்போற அவங்க செட்டோட முகவரியப் போட்டு வச்சிருக்கேன். தினமும் எதையாவது அடிச்சு அனுப்பிப் பழகு. விழா வரைக்கும் எதுவும் போகாது, பயப்படாதே" என்றார்.

எட்டாவது படித்தவனுக்கு அடிக்க என்ன தெரியும்? ஜெபம்தான் தெரியும். தமிழ் ஜெபத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினேன். திரையில் 'பெண்டிங்' என்று வந்தது. கடையில் கணக்கெழுதும் பெண்ணிடம் அர்த்தம் கேட்டேன். "காத்திருக்குன்னு அர்த்தம், அண்ணே" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெபத்துக்கு ஆண்டவர் சில வேளை 'காத்திரு' என்றுதான் பதில் தருவார் என்று எங்கள் போதகர் சொல்வார். எங்கேயும் போகாத மெயில் அவரிடம்தானே போகும்? அன்று முதல் குடும்ப ஜெபம் முடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய் ஒன்று அனுப்புவேன். பெண்டிங். ஆமென்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் எதிரே வந்து நின்றவரைப் பார்த்தேன். செல்வராஜ். மெயிலைப் பெறும் வேலை அவருக்கு. நான் 'வணக்கம்' என்று அடித்து அனுப்பினேன். அவர் செட்டு கீச்சென்றது. மேனேஜர் மைக்கை நீட்டி, "சத்தமாப் படிங்க சார்" என்றார்.

காத்துக் கிடந்த பழைய மெயில்கள்தான் முதலில் போய்ச் சேரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!

மாப்பிள்ளை எழுத்துக்கூட்டிப் படித்தார். "அன்பின் பரலோகப் பிதாவே, என் தங்கை கிரேசியைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்தருளும்."

இறைவணக்கம் என்று நினைத்துப் பாதி மண்டபம் எழுந்து தலைகுனிந்தது. செட்டு மறுபடி கீச்சென்றது. பழக்க தோஷத்தில் அதையும் படித்தார். "என் மாப்பிள்ளையின் கல் நெஞ்சை உடைத்தருளும். முடியாவிட்டால் அவர் செட்டையாவது உடைத்தருளும்."

யாரோ பக்தியோடு "ஆமென்" என்றார்கள்.

செட்டு கீச்சு கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மிச்சத்தை மனசுக்குள் படித்தார். அதில் ஒன்று எனக்கு இன்றும் மனப்பாடம்: 'அன்று நான் சிரிக்க வைத்தது தப்பு, ஆண்டவரே. அவர் இலையை மடித்த கை நடுங்கியதைப் பார்த்தேன். ஆனாலும் அது சோப்பு டப்பா மாதிரிதான் இருந்தது, உமக்குத் தெரியாதது இல்லை.'

மேடைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துவிட்டார்.

"இன்னா மச்சான், இத்தினி நாளா என்னியப் பத்தி மேல கம்ப்ளெயின்ட் குட்துகினு கீறியா?"

"அது உங்களுக்கு அனுப்பல மாப்ள. ஆண்டவருக்கு."

"அவரு எனக்குத் தள்ளிவுட்டாரு." செட்டைச் சட்டைப்பையில் போட்டார். "கை நடுங்குனது உனக்குத் தெரிஞ்சிதா?"

நான் தலையாட்டினேன்.

"நாளிக்கி ஊட்டுக்கு வந்து அவள இட்டுகினு போ. உங்கம்மா முன்னால மட்டும் இது சோப்பு டப்பா இல்லன்னு சொல்லிடு."

சொன்னேன். கிரேசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா எனக்குச் சோறு போட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. பெயர் ஜெபா. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் கூப்பிடும் பெயர் பெண்டிங். அந்த இரண்டு செட்டுகளும் இன்று எங்கேயும் கிடைப்பதில்லை. ஆனால் நான் ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டினால் போதும், "வந்துட்ச்சி மச்சான், போதும்" என்று மாப்பிள்ளையின் குரல் கேட்கும்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். எங்கள் சபையில் சிலர், தேவதூதன் வந்து கீச்சென்றான் என்று சொல்லிவிட்டார்கள். அப்படிக் கூட்டவும் வேண்டாம், கல் நெஞ்சு என்ற இடத்தைக் குறைக்கவும் வேண்டாம். உள்ளது உள்ளபடி அனுப்புங்கள். அனுப்பும் முன், யாருக்குப் போகிறது என்று மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.