ஹாலுக்குள் ஒரு பிரின்ஸிபால்

பிரின்ஸிபால்களில் இரண்டு வகை உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போய் பிரின்ஸிபாலாக இருப்பவர்கள் முதல் வகை. அவர்களால் நமக்கு அதிகத் தொந்தரவு இல்லை. சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீட்டிலேயே பாலர் பள்ளி வைத்து, சோபாவைச் சுவரோரம் நகர்த்திய மறு நிமிடமே பிரின்ஸிபாலாகிவிடுகிறவர்கள் இரண்டாவது வகை. இவர்களுக்குப் போவதற்கு வேறு வீடு கிடையாது. நான் சொல்ல வந்தது இவர்களைப் பற்றித்தான்.

தில்லியில், அதிலும் துவாரகா பக்கம், எந்த அடுக்குமாடி சொசைட்டிக்குள் நுழைந்தாலும் இந்த இனத்தை நீங்கள் பார்க்கலாம். அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். துணி காய வேண்டிய பால்கனிக் கொடியில் ஏ முதல் இஸட் வரை அட்டை அட்டையாகத் தொங்கும். லிஃப்டுக்குள் ஒரு ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒட்டியிருக்கும், அதன் கழுத்து நாலாவது மாடிப் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருக்கும். அழைப்பு மணியை அடித்தால் ஒரு பெண்மணி கழுத்தில் அடையாள அட்டையோடு வந்து கதவைத் திறப்பார். சொந்த வீட்டில், சொந்த ஹாலில், அடையாள அட்டை! யாரிடம் காட்ட? பால்காரரிடமா?

இது தொற்றும் விதம் விசித்திரமானது. கீழ்மாடிக்காரர் யாராவது அவசரமாக எங்கோ போகும்போது குழந்தையை அரை மணி நேரம் விட்டுவிட்டுப் போவார். குழந்தை அழாது. திரும்பி வந்தவர், "அரே வா, உங்ககிட்ட எப்படி சமத்தா இருக்கு! நீங்க ஒரு ஸ்கூலே வைக்கலாம்" என்பார். மரியாதைக்குச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அவர் லிஃப்டில் கீழே இறங்குவதற்குள், மேலே பள்ளிக்கூடத்துக்குப் பெயர் யோசிக்க ஆரம்பித்திருப்பார்கள்.

உதாரணத்துக்கு என் தலைக்கு மேல் இருக்கும் லிடியாவைச் சொல்கிறேன். தலைக்கு மேல் என்பதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. நான் மூன்றாவது மாடி, அவர் நாலாவது. பாளையங்கோட்டைக்காரர். கணவர் கிளமெண்டுக்கு விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் இரவு வேலை. ஒரே மகன் பென்சனுக்கு மூன்று வயது. பெரிய பள்ளி ஒன்றில் டீச்சராக இருந்த லிடியா, பென்சன் பிறந்ததும் வேலையை விட்டார். மறுபடி கூப்பிட்டார்கள், போகவில்லை.

"பிள்ளைய க்ரெச்சுல விட்டுட்டுப் போக மனசு வரல சார். எம் பிள்ளை எங் கண்ணு முன்னாடி வளரணும்லா? அதான் ஸ்கூலையே வீட்டுக்குக் கொண்டு வந்துருவோம்னு பாக்குதேன்" என்று அவர் சொன்னபோது எனக்கும் என் மனைவி இந்திராணிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு தாய்க்கு இதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்? பென்சனுக்காகத்தான் பள்ளிக்கூடம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லிடியா அவ்வப்போது மறந்துவிடுவார்.

பென்சனுக்குப் பெயர் வைக்க ஒரு ஜெபக் கூட்டம் போதுமானதாக இருந்தது. பள்ளிக்குப் பெயர் வைக்கக் குடும்பமே திண்டாடியது. கடைசியில், நல்ல கனி கொடுக்க வேண்டும் என்ற வேதாகம நினைப்பில் 'லிட்டில் கிரேப்ஸ்' என்று முடிவானது. அதோடு நிற்குமா இந்த இனம்? பின்னாலேயே 'இன்டர்நேஷனல்' வந்து ஒட்டிக்கொண்டது. பென்சனையும் சேர்த்து மொத்தம் ஏழு பிள்ளைகள், ஏழும் எங்கள் பிளாக்கைத் தாண்டாதவை. இதில் எது இன்டர்நேஷனல் என்று கேட்டேன்.

"இவங்க ஏர்போர்ட்லதான சார் வேலை பாக்காங்க" என்றார் லிடியா.

கிளமெண்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

பள்ளிக்குப் பெயர் வைத்த கையோடு வீட்டுக்கும் பெயர் மாற்றம் நடந்தது. ஹால் 'லேர்னிங் ஸ்டூடியோ' ஆனது. படுக்கையறை 'அட்மின் ஆஃபீஸ்' ஆனது. பெயின்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலைச் செடியும் பாட்டிலில் ஒரு மணிப்ளான்ட்டும் இருந்த பால்கனி 'நேச்சர் டிரெயில்' ஆனது. அந்த டிரெயிலில் நாலு எட்டு வைத்தால் ஏர்கூலர் முட்டும். சாப்பாட்டு மேஜை 'சென்ஸரி ஸோன்'. அங்கே ஊறவைத்த உளுந்தைத் தாம்பாளத்தில் கொட்டி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் கைவிட்டு அளைந்து தொடு உணர்வை வளர்த்துக்கொள்ள வேண்டும். முதல் நாள் சாயங்காலமே லிடியா எங்கள் வீட்டுக்கு அன்போடு வடை கொடுத்தனுப்பினார். நான் தட்டை இந்திராணி பக்கம் நகர்த்திவிட்டேன்.

இரவு வேலை முடிந்து வரும் கிளமெண்ட் தூங்குவது அந்த அட்மின் ஆஃபீஸில்தான். அட்மிஷனுக்கு விசாரிக்க வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும்போது அந்தக் கதவைத் திறந்தால், கட்டிலில் ஓர் ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். லிடியா அசரமாட்டார். "அவர்தான் அட்மின் ஹெட்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். ஒருநாள் அந்த அட்மின் ஹெட் தூக்கக் கலக்கத்தில் லுங்கியை இறுக்கிக்கொண்டு வகுப்பு நடுவே வந்து, பேஸ்ட் எங்கே என்று கேட்டுவிட்டார். லிடியா புன்னகை மாறாமல், "சில்ட்ரன், சே குட் மார்னிங் டு அங்கிள்" என்றார்.

ஏழு குரல்களும் "குட் மார்னிங், அங்கிள்" என்றன. அதில் ஒரு குரல் பென்சனுடையது.

பள்ளியில் ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்பது சட்டம். என் வீட்டுக் கூரை வழியாக நான் தினமும் கேட்கிறேன். "டோன்ட் ரன், ஸ்ரேயா... டோன்ட் புஷ், பேட்டா... டோன்ட் க்ளைம்ப்... ஏலே, இறங்குலே, விழுந்து தொலையப் போற!" ஆபத்து என்று வந்துவிட்டால் பாளையங்கோட்டைதான் கைகொடுக்கிறது.

இது வரைக்கும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. வினை ஷ்வேதாவின் உருவத்தில் வந்தது. ஷ்வேதா, ஸ்ரேயாவின் அம்மா, தரைத்தளம். ஒருநாள் பிள்ளையை அழைத்துப் போக வந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மேம், பென்சனுக்கு மட்டும் ரெண்டு ஸ்டார் போட்டீங்களாமே? ஸ்ரேயா சொல்லிட்டே இருக்கா."

அவ்வளவுதான். டீச்சராக இருந்த காலத்தில் யாரும் சொல்லாத சொல். லிடியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பாரபட்சம்! மறுநாள் முதல் புது விதி வந்தது. ஒன்பது மணி முதல் பன்னிரண்டரை வரை பென்சனுக்கு அம்மா கிடையாது. மேம் மட்டும்தான். மடி கிடையாது, 'மக்கா' என்ற கொஞ்சல் கிடையாது, விழுந்தால் மற்ற பிள்ளைகளைப் போலத் தானே எழுந்திருக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் விழுந்தால் லிடியா ஓடிப்போய்த் தூக்குவார் என்பது வேறு விஷயம். அவர்களுடைய அம்மாக்கள் கேட்பார்கள் அல்லவா?

இதற்கு ஒரு சடங்கும் ஏற்பட்டது. அதை முதல் நாள் பார்த்தபோது நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். காலையில் கிளமெண்ட், இரவு முழுதும் கண் விழித்த முகத்தோடு, பையும் தண்ணீர் பாட்டிலும் மாட்டிய பென்சனைக் கையில் பிடித்துக்கொண்டு லிஃப்டில் எங்கள் மாடிக்கு வந்து இறங்கினார். எதிரே நின்ற எனக்கு ஒரு வணக்கம் போட்டார். அப்படியே திரும்பி, அதே லிஃப்டில் மேலே ஏறப் பார்த்தார்.

"என்ன கிளமெண்ட், எங்க கிளம்பிட்டீங்க?"

"என்ன செய்ய சார்... ஸ்கூல் டிராப்."

மேலே லிடியா தயாராக நிற்பார். சற்று முன் இட்லி ஊட்டிவிட்ட அதே கையால் கதவைத் திறந்து, "குட் மார்னிங், பென்சன்! வெல்கம்!" என்பார். "குட் மார்னிங், மேம்" என்று சொல்லிவிட்டுப் பென்சன் தன் வீட்டுக்குள் விருந்தாளியாக நுழைவான்.

பன்னிரண்டரைக்கு லிடியா கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். அந்த நொடிக்காகவே காத்திருந்தவன் பாய்ந்துபோய் மடியில் விழுவான். குழந்தை புத்திசாலி. அட்டை இருந்தால் மேம், அட்டை இல்லாவிட்டால் அம்மா என்று கணக்கைப் பிடித்துக்கொண்டான். ஆனால் பள்ளி வளர்ந்தது. மத்தியானம் அட்மிஷன் விசாரணை, அப்புறம் பெற்றோர் போன், அப்புறம் நாளைய பாடத்துக்குக் காகிதத்தில் வாத்து வெட்டுவது என்று அட்டை ஆணிக்குத் திரும்பும் நேரம் தள்ளிக்கொண்டே போயிற்று. இந்திராணி ஒருமுறை நேரடியாகவே கேட்டாள்: "ஏம்மா லிடியா, பிள்ளைக்காக வேலையை விட்டேன்னு சொன்னே. இப்ப வேலைக்காகப் பிள்ளையை விட்டுட்டியோ?"

"ஐயோ ஆன்ட்டி, அவன் நாள் பூரா எங்கூடதான இருக்கான்!" என்றார் லிடியா. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

பிறகு நவம்பர் வந்தது. தில்லிக் காற்று வழக்கம்போல் புகைமூட்டத்தில் கெட்டது, சின்ன வகுப்புகளை மூடச் சொல்லி அரசு உத்தரவிட்டது. லிட்டில் கிரேப்ஸின் பிள்ளைகள் லிஃப்டில் ஏறி வந்தால் போதும், வெளிக்காற்று மேலேயே படாது. ஆனால் பெரிய பள்ளிகள் எல்லாம் ஆன்லைனில் நடக்கும்போது இன்டர்நேஷனல் பள்ளி சும்மா இருக்குமா? வகுப்புக்கான லிங்க் வாட்ஸப் குழுவில் வந்தது. பள்ளி வயதில் பிள்ளை இல்லாத என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். பொழுது போகாமல் நானும் உள்ளே நுழைந்தேன்.

திரையில் லிடியா ஹாலில் இருந்தார். பென்சன் இருந்த கட்டத்தில் பாதி பென்சன், பாதி கிளமெண்டின் திறந்த வாய். ஆமாம், சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறையில் அப்பாவின் போனை வைத்துக்கொண்டு அவன் தன் அம்மாவின் வகுப்பில் கலந்துகொண்டிருந்தான். எல்லோருக்கும் ஒரே நியாயம்! 'பி ஃபார் பால்' நடந்துகொண்டிருக்கும்போது ரம்பம் அறுப்பதுபோல் ஒரு சத்தம்.

"பென்சன், ப்ளீஸ் மியூட் யுவர்செல்ஃப்."

அது பென்சன் இல்லை, அவன் அப்பாவின் குறட்டை. கொஞ்ச நேரத்தில் பென்சன் நெளிந்தான். "மேம்... சூ சூ."

"வெரி குட், பென்சன். கோ அண்ட் டெல் யுவர் மம்மி" என்றார் லிடியா. எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிற அதே வாக்கியம். வாய் பழகிவிட்டது.

பென்சன் திரையைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். மம்மி எங்கே இருக்கிறார் என்று அந்தக் குழந்தை யோசித்த யோசனை இருக்கிறதே, நான் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன், சட்டென்று நிறுத்திவிட்டேன். யோசித்து முடிப்பதற்குள் காலம் கடந்துவிட்டது. கிளமெண்ட் கட்டிலில் ஈரத்தை உணர்ந்து அலறி எழுந்ததோடு அன்றைய வகுப்பு முடிந்தது.

காற்று தேறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி பூங்காவில் எல்லோரும் இருந்தோம். லிடியா சர்ச்சுக்குப் போய் வந்த புடவையில், கழுத்தில் அட்டை இல்லாமல் நின்றார். ஆனால் யாரோ புதிதாகக் குடிவந்த தம்பதியிடம் அட்மிஷன் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் குரல் மட்டும் மேமின் குரலாக இருந்தது. சறுக்குமரத்திலிருந்து பென்சன் குப்புற விழுந்தான். முழங்காலில் தோல் பிய்ந்து ரத்தம். நான் எழுந்து ஓடுவதற்குள் அவனே எழுந்து நொண்டி நொண்டி லிடியாவிடம் போனான்.

போனவன் கிட்டே போகவில்லை. இரண்டடி தள்ளி நின்றான். அழுகையை விழுங்கி விழுங்கி, கையை விறைப்பாகக் கீழே வைத்துக்கொண்டு, அவர் கழுத்தைப் பார்த்தான். அட்டை இல்லை. குரலைக் கேட்டான். மேம். குழம்பிப்போய்க் கேட்டான்:

"ஸ்கூல் முடிஞ்சாச்சா?"

லிடியா பேச்சை அப்படியே நிறுத்தினார். புல்லிலேயே உட்கார்ந்து அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "அம்மாடா மக்கா... நான் அம்மாடா" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். பென்சன், அனுமதி கிடைத்துவிட்டது என்று உறுதியான பிறகு, வாயைத் திறந்து சொசைட்டியே அதிரும்படி அழுதான். இந்திராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லிடியா திருந்திவிட்டார் என்று நினைத்தேன். இந்த இனத்தை இத்தனை நாள் பார்த்தும் எனக்கு அறிவு வரவில்லை. திங்கட்கிழமை வாட்ஸப்பில் அறிவிப்பு வந்தது. குழந்தைகளுக்குத் தாய்மடி எவ்வளவு முக்கியம் என்பதை உணர்ந்து லிட்டில் கிரேப்ஸ் இன்டர்நேஷனல் பெருமையுடன் தொடங்கும் புதிய பயிற்சி: 'லேப் டைம்', அதாவது மடி நேரம். தினமும் இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தையும் மேமின் மடியில் சிறிது நேரம் உட்காரலாம். ஷ்வேதா உடனே நாலு இதயப் படம் போட்டார். கிளமெண்டிடம் விசாரித்தேன். பாரபட்சம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதால் பென்சனுக்குக் கடைசி முறையாம். பல நாள் அவன் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறதாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். 'நல்ல வேளை, நம் லிஃப்டில் ஒட்டகச்சிவிங்கி இல்லை, நாம் லேப்டாப்பும் ஹெட்போனுமாக ஒரு மூலையில் வேலை பார்க்கிறவர்கள், எல்லாம் பிள்ளைக்காகத்தான்' என்று நினைத்துக்கொள்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைக்கு உங்கள் பிள்ளை பக்கத்தில் வந்தால் ஒரு நிமிடம் கவனியுங்கள். நேரே மடியில் வந்து விழுந்தால் நீங்கள் தப்பித்தீர்கள். இரண்டடி தள்ளி நின்று உங்கள் காதில் ஹெட்போன் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டிங் முடிஞ்சாச்சா?" என்று கேட்டால், உங்கள் வாசலிலும் பள்ளிக்கூட போர்டு மாட்டுவது ஒன்றுதான் பாக்கி.