பங்குதாரர் என்ற சொல் குறித்து

பால்வினை நோய் கண்டவர்கள், தம் பெயரைச் சொல்லாமல் சம்பந்தப்பட்டவரை எச்சரிக்கும் செல்பேசிச் செயலியில் தமிழ் வாசகங்களைக் கவனிப்பவருக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதே முறை. முதல் பாதி இப்போது உண்மையில்லை. இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் என் கணவருக்கு உங்கள் செயலியிலிருந்து வந்த செய்தி இது: "உங்கள் பங்குதாரர் ஒருவருக்குத் தொற்று உறுதியாகியுள்ளது. நீங்களும் உடனே பரிசோதித்துக்கொள்ளுங்கள்." உறவு வைத்துக்கொண்டவரைக் குறிக்க உங்களுக்கு வேறு சொல் கிடைக்கவில்லையா? இவர் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறார். அதில் நிஜமாகவே ஒரு பங்குதாரர் உண்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் செய்தியைச் சத்தமாகப் படித்துவிட்டு, "பாத்தியா, மனுஷன் வாயே திறக்கல! நேத்துகூட என் டம்ளர்லதான் தண்ணி குடிச்சான்" என்று பாதியில் எழுந்து கை கழுவினார். மறுநாள் கடையிலிருந்த அத்தனை கண்ணாடிகளையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். லென்ஸ் தேய்க்கிற தூளுக்குப் பதினைந்து வருடமாகத் தும்முகிற அந்த அப்பாவியை, இரண்டு வாரம் கடைப் பக்கமே வராதே என்று வீட்டுக்கு அனுப்பினார். அவர் மனைவி எனக்குப் போன் செய்து, "அக்கா, இவருக்கு என்ன வியாதின்னு பொண்டாட்டி எனக்கே தெரியல, உங்க வீட்டுக்காரருக்கு யாரு சொன்னா?" என்று அழுதாள். யார் சொன்னது என்று பார்க்கத்தான் செய்தியிலிருந்த இணைப்பைத் திறந்தேன். ஆங்கிலப் பக்கத்தைப் படித்தபோதுதான் எந்தப் பங்கு என்று விளங்கியது.

நான் புள்ளியியல் படித்தவள். எதையும் ஒரு முறை பார்த்து நம்புவதில்லை. ரத்தத்தை இரண்டு இடங்களில் கொடுத்தேன். இரண்டு முடிவும் ஒத்துப்போயின. ஊசி போட்ட நர்ஸ், "வேற யாருக்கெல்லாம்மா சொல்லணும்?" என்று உங்கள் செயலியையே திறந்து நீட்டினார். ஒரே ஒரு எண்ணைப் போட்டேன். என் பெயர் ரகசியமாக இருக்கும் என்றது. இருந்தது. அன்று மாலை பக்கத்து அறையிலிருந்து, "ஏய், அவனுக்கு இன்னும் குணமாகலையாம்!" என்று இவர் கத்தினார். பங்குதாரருக்கு மேலும் இரண்டு வாரம்.

இவர் மட்டும் இன்னும் சோதனைக்குப் போகவில்லை. விட்டுவைத்தால் நரம்பு வரை ஏறுமாம். நீயே சொல்லக் கூடாதா என்பீர்கள். இருபத்துமூணு வருஷத்துல நாங்க அந்தப் பேச்சையே எடுத்ததில்லைங்க. இப்ப எப்படி ஆரம்பிக்கிறது, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்ற மாதிரியா? யாரு, அவனா அவளான்னுகூட நான் கேக்கப்போறதில்ல. மனுஷன் டாக்டர்கிட்ட போனாப் போதும். ஆகவே அந்தச் சொல்லை நீக்கி, "உடலுறவு கொண்டவர்" என்று பச்சையாகப் போட்டு, இன்னொரு முறை அனுப்பிவையுங்கள். என் வாயில் வராததை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடியின்றி, ஒருவருக்கொருவர் இப்படிச் செய்தி அனுப்பும் அவசியமின்றி வாழ்க.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரர் மனைவி

பின்குறிப்பு: சொல்லை மாற்ற வேண்டாம். மடிப்பதற்கு முன் இவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கடிதம் முழுவதையும் படித்துக் காட்டிவிட்டேன். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். "எங்க?" என்றேன். "அவன் வீட்டுக்கு. பாவம், ஒரு மாசமா ஒதுக்கி வச்சுட்டேன். மன்னிப்புக் கேக்கணும்" என்றார். "மொதல்ல டாக்டர்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார். என்னிடமும் கேட்க வேண்டும் என்று அவருக்கு இன்னும் தோன்றவில்லை.