"போறேன்"னு போட்டது ஒரு குத்தமா?

ஞாயித்துக்கிழமை காலையில எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு மணி நேரம் சும்மா இருக்கணும்.

ஆபீஸ்ல ஒரு மேடம் வந்து கிளாஸ் எடுத்தாங்க. "உடம்பு, மனசு, ஆன்மா, மூணையும் கவனிங்க. வாரத்துல ஒரு மணி நேரம் உங்களுக்கே உங்களுக்காக!" எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. பாத்ரூம்ல இருந்தாக்கூட 'துண்டு எங்க?'ன்னு கதவைத் தட்டுற வீடு எங்க வீடு.

திட்டம் பக்கா! உடம்புக்கு, தலையில நல்லெண்ணெய், மூஞ்சியில பயத்தமாவு. மனசுக்கு மௌனம். ஆன்மாவுக்கு தியானம். இடம், இரும்புலியூர்ல எங்க ஃபிளாட் மொட்டை மாடி, தண்ணி டேங்குக்குப் பின்னால.

வீட்டுக்காரர் தூங்கிட்டு இருந்தார். ஃபேமிலி குரூப்ல மெசேஜ் போட்டேன்: "நான் போறேன். எனக்கு நிம்மதி வேணும். யாரும் தேடாதீங்க." போனை ஆஃப் பண்ணிட்டு நைட்டியோட மாடி ஏறிட்டேன்.

'போயிட்டு வரேன்'னுதான் சொல்லணும்னு சின்ன வயசுலேர்ந்து சொல்லிக்கொடுத்த வீடுதான். அன்னிக்குன்னு பார்த்து மறந்து தொலைச்சேன்.

முதல் அரை மணி நேரம் சொர்க்கம்! யாருமே என்னை எதுவுமே கேக்கல!

அப்புறம் கீழ ஒரே சத்தம். எட்டிப் பாத்தா, வீட்டுக்காரர் லுங்கியோட வாட்ச்மேன் அண்ணன் முன்னாடி நிக்கிறார்.

"அண்ணா, என் வொய்ஃப் பையோட வெளிய போனாளா?"

"பாக்கலியே சார். இன்னா சார், சண்டையா?"

"சாம்பார்ல உப்பு இல்லன்னு சொன்னேண்ணா. அதுக்கா கோச்சுக்கிட்டுப் போவா?"

மேல இருந்து ஒரு குரல் குடுத்திருக்கலாம். ஆனா மௌனமாச்சே! வாயைத் திறந்தா மாவு வேற வெடிச்சிடும். இன்னும் அரை மணி நேரம் என் கணக்குல பாக்கி. நைசா டேங்குக்குப் பின்னால குந்திட்டேன். சுயநலம்தான், ஒத்துக்குறேன்.

அதுக்குள்ள மெசேஜைப் பாத்துட்டு ஊரப்பாக்கத்துலேர்ந்து எங்கம்மா ஆட்டோவுல வந்து இறங்கிட்டாங்க.

"என் பொண்ணை என்ன சொன்னீங்க மாப்ள?"

மனுஷன் பயத்துல கேக்காததையெல்லாம் ஒப்பிக்க ஆரம்பிச்சிட்டார். "அத்தை, உங்க சின்னப் பொண்ணு வளைகாப்புக்கு லீவு கிடைக்கலன்னு சொன்னது பொய். வீட்ல உக்காந்து கிரிக்கெட் பாத்தேன்!"

"என்னது?!"

கத்தினது நான்தான். மௌனம், தியானம் எல்லாம் காலி.

கீழ எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க. தலைவிரி கோலமா, மாவு உதிர உதிர, நான். வாட்ச்மேன் அண்ணன் "ஐயோ, பேய் சார்!"னு கேட்டைத் தாண்டி ஓடிட்டார்.

வீட்டுக்காரருக்கு மட்டும் உடனே அடையாளம் தெரிஞ்சுது. லுங்கியாலயே கண்ணைத் தொடைச்சுக்கிட்டார். திட்டணும்னு வாயைத் திறந்தவ, அதை விட்டுட்டுக் கீழ இறங்கி ஓடினேன். இந்த மூஞ்சியையும் ஒருத்தர் தேடுறாரே!

அம்மா விடல. "போயிட்டு வரேன்னு எழுதினா கை தேஞ்சா போயிடும்?"

நியாயம்தானே? அடுத்த ஞாயிறு ஒழுங்கு மரியாதையா குரூப்ல போட்டேன்: "போயிட்டு வரேன்."

அடுத்த நொடியே வீட்டுக்காரர் பதில் வந்துச்சு.

"வரும்போது ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வந்துடு."