குழாயடியில் ராணுவ ஆட்சி

ஓசூரில் எத்தனையோ மேனேஜர், சூப்பர்வைசரைப் பார்த்துவிட்டேன். எங்கள் லைன் வீட்டுப் பட்டாளத்தாரைப் போல மிரட்ட ஒருத்தருக்கும் வராது. அவர் மீசையைப் பார்த்தால் பொங்கி வருகிற பாலே அடங்கிவிடும்.

ராணுவத்திலிருந்து வந்தபின் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக இருந்தார். சம்சாரம் போய்ச் சேர்ந்து தனிக்கட்டை. எங்கள் எல்லா வீட்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய். தமிழில் ஆரம்பிக்கிற சண்டை தெலுங்கில் சூடேறி, கன்னடத்தில் குடம் நசுங்கித்தான் முடியும். அலுத்துப்போய் அவரைத் தலைவராக்கி, தொட்டியின் வால்வைத் திறக்கிற சாவியைக் கொடுத்தோம்.

மறுநாளே ராணுவ ஆட்சி. விசில் அடித்தால் வரிசை. பேச்சு கூடாது. தும்மினால்கூடத் திரும்பி முறைப்பார். தண்ணீர் என்னவோ கடைசி வீடு வரைக்கும் கிடைத்தது. ஆனால் மருமகளைப் பற்றிக் குழாயடியில் பேசாமல் வேறெங்கே போய்ப் பேசுவது? எனக்கு வயிறு உப்பிவிட்டது.

வருசம் முடிந்ததும் தேர்தல் வைத்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் அவர்தான். எதிர்த்து நிற்க ஆளில்லை. வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் தன்னோடு தினமும் மல்லுக்கு நின்ற நாகம்மாவையே கெஞ்சி நிற்கவைத்தார். இட்லிக் குண்டானில் சீட்டுப் போட்டோம். பேசவிடுவேன் என்று சொன்ன நாகம்மா ஜெயித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் எங்கள் லைனில் குடியிருந்த கம்பெனிப் பையன்கள் சிலர் அவரிடம் போனார்கள்.

"சாவி உங்க கைலதான இருக்குது. குடுக்காதீங்க. யாரு வந்து கேக்கறாங்கன்னு நாங்க பாத்துக்கறோம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. "துப்பாக்கி தூக்கனவன் இப்படி நெனச்சா அப்புறம் சனத்துக்கு யாருடா? ஓட்டுல எறக்கிட்டாங்க. எறங்கிட்டேன்."

நெஞ்சை நிமிர்த்திப் போய், நாகம்மாவிடம் சாவியைக் கொடுத்து சல்யூட் அடித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெங்காயம் உரித்தேன் என்றாள். வீட்டில் கீரைதான் வெந்துகொண்டிருந்தது.

அப்புறம் குழாயடி திருவிழாதான். பேச்சுக்குப் பேச்சு, முறை தவறி, தண்ணீர் தீர்ந்துபோகும். கடைசி வீடு அவருடையது. காலி பக்கெட்டோடு நிற்பார். எனக்கே பொறுக்கவில்லை.

"அண்ணா, ஒரு சத்தம் போடுங்கண்ணா. எல்லாம் அடங்கிடும்."

"பதவியில இல்லம்மா. அடுத்த தேர்தல்ல நிக்கறேன். இந்தவாட்டி மெதுவா பேசிக்கலாம்னு சொல்லப்போறேன்."

அந்த வாக்குறுதியை வீடு வீடாகச் சொல்லியும் வைத்தார். என் குடத்திலிருந்து பாதி ஊற்றப் போனால், முறை தப்பக்கூடாது என்று பக்கெட்டை நகர்த்திக்கொள்வார். அப்படிப்பட்ட நாளில் அவர் வீட்டில் உலை ஏறாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

தேர்தலுக்கு முந்தின வாரம், கம்பெனி வாசலில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர், எழுந்திருக்கவில்லை.

நாகம்மா மட்டும்தான் நின்றாள். ஆனாலும் அவர் வைத்த முறை மாறக்கூடாது என்று சீட்டுப் போட்டோம். செத்தவருக்குப் போட்டால் செல்லாது என்று எனக்கும் தெரியும். தெரிந்த எழுத்தைக் கூட்டி 'பட்டாளத்தார்' என்று எழுதிக் குண்டானில் போட்டேன். சொந்தப் பேரை அவர் சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

செல்லாத சீட்டாக என்னுடையது ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். நாகம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து ஒதுக்கி வைக்க வைக்க, அது குவிந்துகொண்டே போனது.