பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு ஒதுக்கிய மூலை

கனடா என்ற நாட்டை எத்தனையோ பேர் சேர்ந்து கட்டினார்கள் என்று புத்தகங்கள் சொல்லும். நம்பாதீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஸ்காபரோவில் ஒரு பதினான்காம் மாடியில், சேர்வேயர் அண்ணை தனி ஆளாக அதை இன்னொரு தரம் கட்டினார். நீளம் இருபத்திரண்டடி, அகலம் பன்னிரண்டடி. குடிமக்கள் ஏழு பேர். அதிலே மிகவும் துன்பப்பட்ட குடிமகன் அடியேன்.

ஊரில் அவர் அரசாங்க நில அளவையாளர். இங்கே பெட்டி கட்டுகிற தொழிற்சாலையில் வேலை. ஆனாலும் இடுப்பில் எப்போதும் ஓர் இரும்பு அளவு நாடா இருக்கும். சோற்றுப் பானை வாங்கப் போனாலும் அளந்துதான் வாங்குவார். வாடகைப் பத்திரம் அவருடைய பெயரில். இருந்தும் இரண்டு அறைகளையும் நாலு பேருக்கு விட்டுவிட்டு, என்னோடும் மன்னார் சூசையோடும் ஹோலில்தான் படுத்தார்.

புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற வகுப்பில், கனடா எந்தெந்த ஆண்டில் எவ்வளவு தூரம் பெருத்தது என்று நிறம் தீட்டிய ஒரு படத்தை ஆசிரியை தொங்கவிட்டிருந்தார். மற்றவர்கள் "மை நேம் இஸ்" படித்தார்கள். இவர் அந்தப் படத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். பிடித்தது எங்களுக்குச் சனி.

"ஐசே, எங்கட வாசல் எந்தப் பக்கம்?"

"கிழக்கு, அண்ணை."

"பல்கணி?"

"மேற்கு."

"கனடாவும் உப்பிடித்தான். கிழக்கால வந்து இறங்கினவன் காலை நீட்டி நீட்டி மேற்குக் கரை மட்டும் போனவன். ஆனா சும்மா போகேல்லைப் பாரும். அளந்து அளந்து போனவன்."

அன்றைக்கே கார்பெட்டில் ஒட்டுநாடாவால் எல்லை போட்டார். கழிவறைக் கதவடி கிழக்குக் கரை; அது எனக்கு. கதவைத் திறக்கிற ஒவ்வொருவரும் என் மண்டையில் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நடுவிலே புல்வெளி மாகாணங்கள், சூசைக்கு. மூன்று வருடம் தொடர்ந்து குடியிருந்து பயிர் செய்தால்தான் காணி சொந்தமாகும் என்ற பழைய கனடாச் சட்டத்தை அவனிடம் அமல்படுத்தினார். சூசை மொன்றியலில் மச்சானிடம் இரண்டு கிழமை நின்றுவிட்டு வந்தான். வந்து பார்த்தால் அரையடி பறிபோயிருந்தது.

"கார்பெட்டில என்னத்தையண்ணை பயிர் செய்யிறது?" என்று அழாக்குறையாகக் கேட்டான். மறுநாள் ஒரு தகரப் பேணியில் வெந்தயம் முளைக்க வைத்தான். அரையடி திரும்பக் கிடைத்தது.

ஒழுகுகிற தண்ணீர்க் குழாயைத் திருத்த வந்த கட்டடப் பராமரிப்புக்காரன் தரையில் கோடுகளைக் கண்டு என்ன இது என்று கேட்டுவிட்டான், பாவி. ஒன்றரை மணித்தியாலம் அவனை இருத்தி வைத்து அவனுடைய நாட்டின் வரலாற்றை அவனுக்கே சொன்னார் அண்ணை. அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. குழாய் கடைசிவரை ஒழுகியது.

இனித்தான் விஷயம். பல்கணி ஓரமாக, வெளிச்சமும் ஹீற்றரும் உள்ள மேற்கு மூலை, எட்டடிக்கு ஆறடி, வெறுமையாகக் கிடந்தது. அதிலே ஒருவரும் செருப்பைக்கூட வைக்கக்கூடாது. அதற்குப் பெயர் பிரிட்டிஷ் கொலம்பியா. ஊரில் கணக்கு ரீச்சராக இருந்த அவருடைய மனைவி பூமணி அக்காவுக்கு ஒதுக்கியது. இரண்டு வருடத்தில் கூப்பிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் அண்ணை. அவருடைய அகதி வழக்கோ நத்தை வேகத்தில் நகர்ந்தது.

"பிரிட்டிஷ் கொலம்பியா ஏன் கனடாவோட சேர்ந்தது தெரியுமே? பத்து வருசத்துக்குள்ள றெயில் விட்டுத் தாறம் எண்டு வாக்குக் குடுத்தவங்கள். விட்டாங்களோ? பதினாலு வருசம் எடுத்தது! இடையில பிரிஞ்சு போறம் எண்டும் வெருட்டிப் பாத்தவை. போகேல்லை. ஒரு மாகாணமே பொறுத்திருக்குது, பூமணி பொறுக்க மாட்டாளே?"

அக்காவும் லேசுப்பட்டவர் அல்ல. இந்தக் கதையெல்லாம் கடிதத்தில் போய்ச் சேர்ந்தபின், அவருடைய ஒவ்வொரு பதிலும் "றெயில் இப்ப எங்கை நிக்குது?" என்றுதான் தொடங்கும். அண்ணை அதை எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டிச் சிரிப்பார். பிறகு பல்கணிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார். கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார்.

என் மண்டை வீக்கத்தைக் காட்டி ஒருநாள் கெஞ்சினேன். "அக்கா வருமட்டும் நான் அதில படுக்கிறனே, அண்ணை."

"அடுத்தவன்ர காணி பிடிச்ச எல்லாரும் உப்பிடித்தான் தொடங்கினவை," என்றார். "'ஆக்கள் வருமட்டும்' எண்டு."

ஒரு தை மாத ஞாயிற்றுக்கிழமை, காது விறைத்து விழுகிற குளிரில், ஒரு பெருந்தெருவிலிருந்து அடுத்த பெருந்தெரு வரை என்னையும் இழுத்துக்கொண்டு அடியெண்ணி நடந்தார். சந்தியில் நின்று துள்ளினார். "சரியா நூறு சங்கிலி! ஒருத்தன் சங்கிலி பிடிச்சு வரைஞ்ச பட்டினம் ஐசே இது!"

அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலிதான் ஒரு காலத்தில் அளவையாளரின் ஆயுதம். அந்தச் சங்கிலியோடு மேற்கே போனவர்களை ஓரிடத்தில் அங்கே முன்பே குடியிருந்த சனம் மறித்ததாம். ஒருவன் வந்து சங்கிலியின் மேல் காலை வைத்தானாம். அவ்வளவுதான், அன்றைய அளவை நின்றுவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு அண்ணை தெருவைப் பார்த்தபடி தன் கதையைச் சொன்னார். "நானும் எங்கட நாட்டில, கிழக்கு மாகாணத்தில, வெளியாக்களைக் கொண்டுவந்து இருத்துற அரசாங்கக் குடியேற்றத்துக்குச் சங்கிலி பிடிச்சனான். அந்த மண்ணில பயிர் செய்துகொண்டிருந்த சனம் வரம்பில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டது. ஒருத்தரும் கால் வைக்கேல்லை. வைச்சிருந்தா நிப்பாட்டியிருப்பன், ஐசே. ஒருத்தரும் வைக்கேல்லை."

"குளிருது, அண்ணை, போவம்," என்றேன். எவ்வளவு மடையன் நான்.

ஒருவழியாக அண்ணை வழக்கில் வென்று, நிரந்தர வதிவிடப் பத்திரம் கிடைத்து, அக்காவைக் கூப்பிட விண்ணப்பமும் போட்டார். அந்த மழைக்காலம்தான், இராணுவம் வருகிறதென்று, யாழ்ப்பாணம் முழுதும் மூட்டை முடிச்சோடு எழும்பி நடந்தது. ஐந்து மாதம் கடிதம் இல்லை. அண்ணை வேலையால் வந்ததும் தபால் பெட்டியைத் திறப்பார், மூடுவார், மறுபடியும் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவுவார். சூசை மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்தான்.

கடிதம் வன்னியிலிருந்து வந்தது. வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். இந்த முறை றெயில் எங்கே நிற்கிறது என்று அக்கா கேட்கவில்லை.

"என்னைக் கூப்பிட வேண்டாம். ஏழு வருசம் பார்த்தாச்சு. உங்களில் கோபம் இல்லை. இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் இங்கே மரத்துக்குக் கீழே இருந்து கணக்குப் படிக்குதுகள். இதுகளை விட்டிட்டு வர என்னால் ஏலாது. அந்த மூலையைச் சும்மா வைத்திருக்காமல், இடமில்லாத ஆருக்காவது கொடுங்கோ."

"பிரிஞ்சிட்டுது, ஐசே," என்றார் அண்ணை. நாலு வருடமாக அந்த மனிதரைக் கேலி செய்து சிரித்தவன் நான். அன்றைக்குக் கடிதத்தை மடித்து அவர் கையில் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை அளவு நாடாவை எடுத்தார். ஒரு நுனியைச் சூசையிடம் கொடுத்து மேற்கு மூலையில் குந்தினார். "அவள் சொன்னாச் சரி. தம்பி, கிழக்குக் கரையில இருந்து மண்டை உடைஞ்சது காணும். உம்மட பாயைத் தூக்கிக்கொண்டு இஞ்சால வாரும்."

நாலு வருடமாக நான் கேட்டுக் கேட்டு அலுத்த இடம். பாயை எடுக்கத்தான் எழும்பினேன். ஆனால் அண்ணையின் கையைப் பார்த்துவிட்டேன். நூல் பிசகாமல் அளக்கிற மனிதர் மூன்று தரம் அளந்தார், மூன்று தரமும் வேறு வேறு கணக்கு வந்தது.

நான் போய் நாடாவின் மேல் காலை வைத்தேன்.

"காலை எடும்."

"எடுக்கமாட்டன், அண்ணை."

"அவள் வரமாட்டாள்."

"வராட்டிக் கிடக்கட்டும். அளக்க விடமாட்டன்."

அண்ணை குனிந்தபடியே என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூசை தன் பக்கத்து நுனியை மெல்லக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சொக்ஸ் கிழிஞ்சிருக்கு," என்றார் அண்ணை. பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் இருந்தோம். கழிவறைக் கதவு தன் வேலையைச் செய்தபடியே இருந்தது. மேற்கு மூலையில் ஒருவரும் செருப்புக்கூட வைக்கவில்லை.

இப்போது எனக்கு மார்க்கம் நகரத்தில் நாலு அறை வீடு இருக்கிறது. முன்னறையின் மேற்கு மூலையை ஏன் சும்மா விட்டிருக்கிறேன், ஒரு பூச்சாடியாவது வைக்கலாமே என்று மனைவி கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். "இருமப்பா," என்பேன். "அதுக்கு ஒரு ஆள் வர இருக்குது."