ஒழுகும் வீட்டுச் சம்பந்தம்

ஒரு காட்டில் ஓர் இலுப்பை மரம் இருந்தது. முன்பு அதில் பறவைகள் மட்டுமே குடியிருந்தன. பிறகு காலம் மாறி, மரத்தைக் குடைந்து மாடி மாடியாக வீடுகள் கட்டி, லிஃப்ட் வரும் வரும் என்று சொல்லியே அத்தனையையும் விற்றுவிட்டார்கள். மலைச்சுனைத் தண்ணீரைக் கொண்டுவர மரத்தின் நடுவே ஒரு மூங்கில் குழாய் ஓடியது. அது விரிசல் விடும்போதெல்லாம் யாராவது ஒரு பழந்துணியைச் சுற்றிவிட்டுப் போவார்கள். சுற்றிச் சுற்றி, உள்ளே மூங்கில் இன்னும் இருக்கிறதா என்பதே யாருக்கும் நிச்சயமில்லை.

அந்த மரத்தின் கீழ்வீட்டில் வெள்ளைச்சாமி என்ற முயல் தன் தங்கை பூங்கோதையோடு வாழ்ந்தது. பாவம், அதன் கூடத்தில்தான் குழாய் ஒழுகியது. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், கேசரியில் சொட்டு விழுந்ததும் அபசகுனம் என்று எழுந்து போய்விட்டது. தங்கைக்குக் கல்யாணமே ஆகாதோ என்று வெள்ளைச்சாமிக்கு அன்றிலிருந்து ஒரே கவலை.

மேல்வீட்டுக் கரடி தேனப்பனிடம் போய் முறையிட்டது.

"எங்க வீட்டுல ஒரு சொட்டுகூட ஒழுகலியே தம்பி," என்றது கரடி. உண்மைதான். தண்ணீர் கீழேதானே போகும்?

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆமை சாந்தலிங்கத்திடம் போனது. "கமிட்டியக் கூட்டிப் பேசிடலாம்ப்பா," என்று ஓட்டுக்குள் போன ஆமை, மழைக்காலம் முடிந்தும் தலையை நீட்டவில்லை.

இதற்குள் மொட்டைப்பாறைக் காட்டிலிருந்து இன்னொரு வரன் வந்தது. வெள்ளைச்சாமி ஒழுகும் இடத்தில் வாளியை வைத்து, அதை மறைத்தபடி தானே நின்றுகொண்டது. தண்ணீர் தலையில் சொட்டி வாளிக்குள் வழிந்தது.

"வேர்க்குதுங்க," என்று அசடு வழிந்தது.

மாப்பிள்ளையின் அப்பா குழைக்காதர் அண்ணாந்து பார்த்தார். சம்பந்தி ஆகப்போகிறவரை 'அது' என்று சொன்னால் நன்றாக இருக்காது.

"குழாய்த் தண்ணியா? எந்நேரமும் வருமா?"

"நிறுத்தவே முடியலீங்க," என்றது வெள்ளைச்சாமி, காதைத் தொங்கப்போட்டு.

"நிறுத்தவே முடியாதா!" குழைக்காதருக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க காட்டுல யானை வந்து தும்பிக்கையால ஊத்தினாத்தான் தண்ணி. குடத்தோட வரிசையில நின்னு நின்னே எங்க ஆயுசு போகுது. பொண்ண எங்களுக்குப் பிடிச்சுப்போச்சுங்க!"

"பொண்ணு இன்னும் உள்ளதானுங்க இருக்கு."

"அதனால என்ன? பையன் இங்கயே வந்து இருந்துக்குவான்."

பூங்கோதை கதவிடுக்கில் எட்டிப் பார்த்தது. வாளி நிரம்பியதைக் கண்ட மாப்பிள்ளை, யாரும் சொல்லாமலே எழுந்து வேறு வாளியை வைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஒருநாளும் செய்யாத வேலை அது. பூங்கோதைக்கு அப்போதே சம்மதம்.

நிச்சயதார்த்தத்தன்று காலை வெள்ளைச்சாமி எழுந்தபோது கூடம் நிசப்தமாக இருந்தது. மேலே பார்த்தால், பளபளவென்று புது மூங்கில் குழாய்! வாசலில் பிளம்பர் மரங்கொத்தியோடு ஆமை நின்றது.

"நீ கேட்டது முடிஞ்சுதுப்பா. விசேஷத்துக்கு முன்னாடியே முடிச்சிடணும்னு ராத்திரியெல்லாம் நின்னு பார்த்துக்கிட்டேன்," என்றது பூரிப்போடு.

பாவி ஆமை, வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வேகமாக வேலை செய்திருந்தது. வெள்ளைச்சாமிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. தாம்பூலத்தட்டுகளுக்குப் பின்னால் மொட்டைப்பாறைச் சொந்தமெல்லாம் ஆளுக்கொரு குடத்தோடு வந்துகொண்டிருந்தது.

வெள்ளைச்சாமி நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறியது. கண்ணை மூடியது. புதுக்குழாயை நறுக்கென்று கடித்தது.

சொட்டு விழவில்லை; கொட்டியது. குடங்கள் நிரம்பின. குழைக்காதர் நனைந்தபடியே தட்டை மாற்றிக்கொண்டார்.

பந்தி முடிந்த பிறகு தேனப்பன் வெள்ளைச்சாமியைத் தனியே மாடிப்படிப் பக்கம் கூப்பிட்டது.

"தம்பி, நமக்கும் மூணு பொண்ணுங்க இருக்குல்ல," என்று கரடி குரலைத் தாழ்த்தியது. "மேல வந்து, எங்க கூடத்துலயும் லேசா ஒரு கடி கடிச்சு விட்டுட்டுப் போயேன்."

நீதி: வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கும்வரை, ஒழுகுகிற குழாயில் பிளம்பரைக் கை வைக்க விடாதே.