காத்து அறிவிப்பும் நான் போட்ட தனி மெசேஜும்

போன மாசம் எனக்கு ஒரு சின்ன வேலை. போன்ல ஒரு கணக்கு தொறக்கணும்.

காத்து, மழை அறிவிப்பு போடற கவர்மெண்டு ஆபீசு புதுசா ஒரு சமூக வலைத்தளத்துக்கு மாறிடுச்சி. "இதுக்கு முதலாளி கெடையாதும்மா. யார் வேணா சொந்தமா சர்வர் வெச்சி நடத்தலாம். எல்லா சர்வரும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்"னு ஆபீசர் எங்க பழவேற்காட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாரு. மகளிர் குழு தலைவிங்கறதால ஊரு சார்பா நான் சேரணும்.

தொறந்ததும் மொத கேள்வி, "எந்த சர்வர்ல சேர்றீங்க?"

ஏரில எறா புடிச்சிட்டு வந்து சாப்புட்டுக்கினு இருந்த எங்க வூட்டுக்காரர கேட்டேன்.

"சர்வரா? எந்த ஓட்டல்ல?"ன்னாரு.

அவரக் கேட்டது என் தப்பு.

நண்டு படம் போட்ட சர்வர் ஒண்ணு இருந்திச்சி. நம்மாளுங்கன்னு நெனச்சி சேந்துட்டேன். உள்ள பாத்தா பூரா வெளிநாட்டு கம்ப்யூட்டர்காரங்க. நான் விக்கிற நண்ட போட்டோ புடிச்சிப் போட்டேன். ஒருத்தர் இன்னாவோ கேட்டாரு. மொழிபெயர்ப்பு பட்டன அமுக்கினா, "அழகா இருக்கு, பேரு இன்னா வெச்சிருக்கீங்க?"

கொழம்பு வெப்போம்னு சொல்ல மனசு வரல.

நல்லவேளை, ஆபீசோட பக்கம் அங்கேருந்தே தெரிஞ்சிது. மொத அறிவிப்ப வூட்டுக்காரருக்குப் படிச்சிக் காட்டினேன். "வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சியின் காரணமாகப் பலத்த காற்று வீசக்கூடும் என எதிர்பார்க்கப்படுவதால்..."

"அதெல்லாம் இருக்கட்டும். போலாமா, வேணாமா?"

எனக்கும் தெரியல.

காட்டூர்ல இருக்கற என் நாத்தனாரும் அதுல சேந்திருந்தா. அவளுக்கு மட்டும் தனியா ஒரு மெசேஜ் போட்டேன். "இவங்க எழுதறத படிச்சி முடிக்கறதுக்குள்ள காத்தே அடிச்சி ஓஞ்சிடும்." எவங்கன்னு அவளுக்குப் புரியணுமேன்னு, இமெயில்ல வருமே அந்தச் சுழிச்ச 'ஏ', அதப் போட்டு ஆபீசு பேரையும் சேத்தேன்.

அங்க ஒரு பழக்கமாம். தனி மெசேஜ்ல யாரு பேர அப்படிப் போட்டாலும், அவங்களுக்கும் அது போயிடும்.

நாத்தனாருக்கு முன்னாடி ஆபீசு பதில் போட்டுச்சி. "வணக்கம் அம்மா. பொன்னேரி ஆபீஸ் வரைக்கும் வர முடியுமா?"

பஸ்ல வழி முச்சூடும் மன்னிப்பு கேட்டுப் பழகிக்கினே போனேன். ஆபீசர் ஒக்கார வெச்சி டீ வாங்கிக் குடுத்தாரு. அது இன்னும் பயமா இருந்திச்சி.

"நீங்களா இருந்தா எப்படிம்மா போடுவீங்க?"

"'நாளைக்கி காத்து. யாரும் போவாதீங்க.' அவ்ளோதான் சார்."

அடுத்த தடவ காத்து வந்தப்போ அப்படியே போட்டுட்டாரு. ஊரு வாட்ஸப் குரூப்புல நானே பகிர்ந்தேன். என் எழுத்துன்னு மூச்சு வுடல. எல்லாம் நல்லபடியா முடிஞ்சப்புறம் பெருமையா சொல்லிக்கலாம்னு ஒரு நெனப்பு.

காலைல எழுந்து பாத்தா பாதி ஊரு ஏரில. எங்க வூட்டுக்காரரும்தான்.

கரைக்கு ஓடினேன். காத்து ஏறினதுமே படகத் திருப்பிக்கினு எல்லாரும் பொழச்சி வந்துட்டாங்க. வலைங்கதான் கிழிஞ்சி நாசம்.

"அறிவிப்பு பாத்தியா இல்லியா?"ன்னு கேட்டேன்.

சொட்டச் சொட்ட நின்னுக்கினு சொல்றாரு. "அது கவர்மெண்டு போட்டதா? ஒரு தடவ படிச்சதுமே புரிஞ்சிதே. எவனோ டுபாக்கூர்னு இல்ல நெனச்சோம்."

ஆபீசருக்கு அத அப்படியே சொன்னேன். இப்ப மறுபடியும் வளிமண்டலம், கீழடுக்கு, சுழற்சி. யாருக்கும் ஒரு வார்த்த புரியல. ஒருத்தரும் ஏரிக்குப் போறதில்ல.